சின்ன செடானா, பெரிய செடானா? முதலில் டேப்பை எடுங்கள்

(மதுரை ஆரப்பாளையத்தில் ஒர்க்ஷாப் நடத்தும் நம் மெக்கானிக், வாசகர்களின் கார் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைப் பற்றியவை: டிக்கி தனியாகப் பின்னால் நீளும் செடான் காரில், நாலு மீட்டருக்குள் அடங்கும் டிசையர், அமேஸ் வகையா, அதைத் தாண்டிய சிட்டி, வெர்னா, விர்ட்டஸ், ஸ்லாவியா போன்ற நடுத்தர வகையா?)

கேள்வி: வீட்டில் நான், கணவர், ஒன்பதும் பதின்மூன்றும் வயதில் இரண்டு பிள்ளைகள், மூட்டு வலியுள்ள மாமியார். தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில். வருடத்துக்கு ஓரிரு முறை சென்னை. "அஞ்சு பேர் இருக்கோம், டிசையர்ல இடம் பத்தாது, வெர்னா இல்லாட்டி விர்ட்டஸ்தான்" என்கிறார் கணவர். எனக்கு டிசையரோ அமேஸோ போதும் என்று தோன்றுகிறது. பட்ஜெட் 12 லட்சம், இழுத்தால் 14. யார் சொல்வது சரி?
— ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் என்னை நாட்டாமை ஆக்கிவிட்டீர்கள், டீச்சர். சரி, கணவர் சொல்லும் காரணத்தை டேப் வைத்தே பார்த்துவிடலாம்.

டிசையரின் அகலம் 1,735 மில்லிமீட்டர். அமேஸ் 1,733. ஹோண்டா சிட்டி 1,748, விர்ட்டஸ் 1,752, வெர்னா 1,765. இருப்பதிலேயே ஒடுக்கமானதற்கும் அகலமானதற்கும் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். வெளி அளவிலேயே இவ்வளவுதான் என்றால், பின் சீட்டில் தோளோடு தோள் ஒட்டி உட்காரும் மூன்று பேருக்கு அதனால் பெரிய விடுதலை எதுவும் கிடைக்கப் போவதில்லை. நடுவில் உட்காருபவர் காலடியில் இருக்கும் மேடு பெரிய காரிலும் இருக்கும். (ஆரா, டிகோர் இரண்டும் 1,680-ஐ ஒட்டிய அகலம். அவற்றில் நெருக்கம் கூடுதல்தான். உங்கள் பட்டியலில் அவை இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.)

அப்படியானால் கூடுதல் பணத்துக்கு என்ன வருகிறது? நீளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே டிசையரில் 2,450 மில்லிமீட்டர், அமேஸில் 2,470. சிட்டியில் 2,600, விர்ட்டஸில் 2,651, வெர்னாவில் 2,670. இந்தப் பதினைந்து இருபது சென்டிமீட்டரில் பெரும்பகுதி பின் சீட்டில் முழங்கால் வைக்கும் இடமாகத்தான் போய்ச் சேருகிறது. மிச்சம் டிக்கிக்குப் போகிறது. டிசையர் டிக்கி 382 லிட்டர், அமேஸ் 416. அந்தப் பக்கம் சிட்டி 506, விர்ட்டஸ் 521, வெர்னா 528. ஆறடி ஆள் ஓட்ட, அவருக்குப் பின்னால் இன்னொரு ஆறடி ஆள் உட்கார்ந்து தினமும் போகிற வீடு என்றால் கணவர் சொல்வது நியாயம். உங்கள் வீட்டில் பின்னால் உட்காரப் போவது ஒன்பது வயதும் பதின்மூன்று வயதும். பெரியது வளர்ந்துவிடுமே என்பீர்கள். வளரட்டும், அதற்குள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விடும்.

இதில் யாரும் யோசிக்காத ஆள் உங்கள் மாமியார். டிசையரின் உயரம் 1,525 மில்லிமீட்டர், வெர்னாவின் உயரம் 1,475. ஐந்து சென்டிமீட்டர் தணிவு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கூரை தணிந்தால் சீட்டும் தணியும், கதவின் மேல் விளிம்பும் தணியும். மூட்டு வலிக்காரர் தலையைக் குனிந்து, இடுப்பை வளைத்து, "தொப்"பென்று கீழே இறங்கி உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போது கதவைப் பிடித்துத் தொங்க வேண்டும். அதனால் டெஸ்ட் டிரைவுக்கு அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முன் சீட், பின் சீட் இரண்டிலும் தானாக ஏறி இறங்கட்டும். கை கொடுக்காதீர்கள்.

ஷோரூமில் இன்னொன்றையும் கவனியுங்கள். காட்சிக்கு நிற்கும் காரில் டிரைவர் சீட்டை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பின் சீட்டில் மைதானம் மாதிரி இடம் தெரியும். உங்கள் கணவரை ஓட்டும் நிலைக்கு சீட்டைச் சரி செய்யச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் பின்னால் போய் உட்காருங்கள்.

இப்போது பணம். நடுத்தர செடான்கள் பத்து லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோதான் ஆரம்பிக்கின்றன. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம்; 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை 18 சதவீதம். ஒன்பது லட்ச ரூபாய் காருக்கு வரி 1,17,000. பன்னிரண்டு லட்ச ரூபாய் காருக்கு 2,16,000. இன்ஷூரன்ஸும் கொஞ்சம் ஏறும். ஆக, ஷோரூம் விலையில் மூன்று லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் ரோட்டுக்கு வரும்போது நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். அதை ஐந்து வருடக் கடனில், 9 சதவீத வட்டியில் போட்டால் மாதம் 8,300 ரூபாய் அதிகத் தவணை. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) என்று பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளக் கூடியது, அதை நஷ்டமாக எண்ண வேண்டாம்.

உங்களுக்கு நாலு மீட்டர் கார் போதும். சென்னைக்கு ஐந்து பேரும் பெட்டிகளோடு போவதை நினைத்தால், டிக்கிக்காக அமேஸ் பக்கம் ஒரு படி சாய்வேன். எரிபொருள் செலவுதான் பெரிது என்றால் டிசையர். கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், டேப்பை மட்டும் கையில் கொடுங்கள்.

கேள்வி: டிசையர் வாங்கலாம் என்றால் "டாக்ஸியா?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்றால் கதவைத் திறந்து ஏறிவிடுவார்களாம். மரியாதைக்காகவாவது பெரிய செடான் வாங்க வேண்டுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: டாக்ஸிக்காரர் ஒரு காரை ஏன் வாங்குகிறார்? மைலேஜ் கிடைக்கும், பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், நடுரோட்டில் நிற்காது, விற்றால் விலை போகும். சிரிக்கிற சொந்தக்காரர் எவரும் இந்த அளவு கணக்குப் பார்த்துக் கார் வாங்கியிருக்க மாட்டார். உங்களுடையது ஒயிட் போர்டு. அதையும் மீறி யாராவது ஏறினால் சவாரி ரூபாயை வாங்கிக்கொண்டு இறக்கிவிடுங்கள்! சரி, விளையாட்டுக்குச் சொன்னேன், அதற்கு பர்மிட் வேண்டும். மரியாதைக்கு நாலு லட்சம் கூடுதலாகக் கொடுப்பது உங்கள் விருப்பம். நான் தடுக்க முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டு போர்டிகோ உள்நீளம் சரியாக 15 அடி. முன்னால் உள்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவு கேட். ஹோண்டா சிட்டி உள்ளே நிற்குமா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஸ்ரீரங்கம்

பதில்: நிற்காது, ஐயா. இப்போது வரும் சிட்டியின் நீளம் 4,583 மில்லிமீட்டர். அடியில் 15 அடியும் அரை அங்குலமும். சுவரில் முட்டி நின்றாலும் கேட் மூடாது. வெர்னா 4,535, ஸ்லாவியா 4,541, விர்ட்டஸ் 4,561. இவை அரை முதல் ஒன்றரை அங்குல இடைவெளியில் நுழையும், ஆனால் உள்பக்கம் திறக்கும் கேட் என்பதால் கதவை மூடவே முடியாது. டிக்கியை எப்படித் திறப்பீர்கள்?

நாலு மீட்டர் செடான் எல்லாம் 3,995 மில்லிமீட்டரை ஒட்டியவை. 13 அடி 1 அங்குலம். உங்களுக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். அதுவும் உள்ளே திறக்கும் கேட்டுக்குப் போதாது. கேட் கதவு ஒவ்வொன்றும் ஐந்தடி அகலமாவது இருக்கும், அது வீசித் திரும்ப இடம் வேண்டும். கேட்டை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினால் தெருவை அடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். கீழே தண்டவாளம் போட்டு ஸ்லைடிங் கேட்டாகவோ, மடிப்புக் கேட்டாகவோ மாற்றுவதுதான் வழி. வெல்டிங் பட்டறையில் முதலில் விலை கேட்டுவிட்டு, அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள்.

அகலத்தையும் பாருங்கள். கார்க் கம்பெனி சொல்லும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது. அதோடு, கதவைப் பாதியாவது திறந்து ஒருவர் இறங்க, ஓட்டுநர் பக்கம் இரண்டடி வேண்டும்.

கேள்வி: மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருக்கிறேன். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டம். கரூர், தாராபுரம், உடுமலை, பழநி என்று சுற்று. பெரும்பாலும் நான் ஒருவன்தான். ஒரு ஆளுக்கு எதற்கு பெரிய கார் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது. இருந்தாலும் மனசு நடுத்தர செடான் பக்கம் போகிறது.
— வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்களுக்கு நான் பெரியதைத்தான் சொல்வேன். எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதை வைத்தே எல்லோரும் காரின் அளவை முடிவு செய்கிறார்கள். ஓட்டுகிறவன் எத்தனை மணி நேரம் உட்காருகிறான் என்று கேட்பதில்லை.

இருவழிச் சாலையில் முன்னால் ஒரு கரும்பு லாரி போகிறது என்று வையுங்கள். தாண்ட வேண்டும். புது டிசையரின் 1.2 லிட்டர் எஞ்சின் 82 குதிரைத்திறன். இழுவிசை 112 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுற்றுக்குப் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். நாலாம் கியரிலிருந்து மூன்றுக்கு, சில நேரம் இரண்டுக்கே இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் தாண்ட முடியும். விர்ட்டஸ், ஸ்லாவியாவில் வரும் 1.0 லிட்டர் டர்போ 115 குதிரைத்திறன்; இழுவிசை 178, அது 1,750 சுற்றிலேயே வந்துவிடுகிறது. கியர் மாற்றாமலே வண்டி நகர்ந்துவிடும். எதிரே பஸ் வரும்போது தப்பான பக்கத்தில் நீங்கள் இருக்கும் நேரம் குறைகிறது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை லாரியைத் தாண்டுவீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எடையும் இருக்கிறது. டிசையர் ஆயிரம் கிலோவுக்குக் கீழே. விர்ட்டஸ் வகையறா 1,200 கிலோவை ஒட்டியது. உங்கள் சுற்று முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பகுதி. ஆடி மாதம் உடுமலைப் பக்கம் காற்றாடிகள் சுழலும்போது, லேசான கார் பக்கவாட்டில் தள்ளாடுவதை ஸ்டீயரிங்கில் உணர்ந்திருப்பீர்கள். நாள் முழுக்க அதைத் திருத்திக்கொண்டே ஓட்டுவதும் ஓர் அலுப்புதான்.

செலவை மறைக்கவில்லை. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் சின்னது லிட்டருக்கு 20 கிலோமீட்டர், பெரியது 16 கொடுக்கும் என்று வைப்போம். வருடம் 36,000 கிலோமீட்டருக்கு 1,800 லிட்டர், 2,250 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 45,000 வித்தியாசம். டயரும் விலை கூடும். கம்பெனி கிலோமீட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று பார்த்து, இந்தத் தொகையைத் தாங்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். இன்ஷூரன்ஸில் ஒரு சின்ன லாபம்: மூன்றாம் நபர் பிரீமியம் எஞ்சின் சிசியை வைத்துத்தான். 999 சிசி என்பதால் இந்த 1.0 டர்போ, 1,197 சிசி டிசையரைவிடக் கீழ்ப் படியில் வரும்.

பெட்ரோலும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓடும் சிட்டி ஹைப்ரிட் பற்றி யாராவது சொல்வார்கள். மைலேஜ் 27-ஐத் தொடும் என்பது சோதனைக் கணக்கு, நேரிலும் நன்றாகவே கொடுக்கும். ஆனால் பேட்டரி டிக்கியைப் பாதி தின்றுவிடுகிறது. 506 லிட்டர் 306 ஆகிவிடும். உங்கள் மருந்துச் சாம்பிள் பெட்டிகளை எங்கே வைப்பீர்கள்? விலையும் வேறு உலகம்.

டர்போ வாங்கினால் ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்பெனி சொன்ன கிரேடு, சொன்ன கெடு. நீண்ட ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள்.

கேள்வி: எல்லாக் கம்பெனியும் ஏன் 3,995 மில்லிமீட்டரிலேயே செடான் செய்கிறார்கள்? யாருடைய உத்தரவு இது?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: உங்கள் மாவட்டத்துக்காரருக்கு இதில் பங்கு உண்டு, தெரியுமா? 2006 பட்ஜெட்டில், அப்போது நிதியமைச்சராகவும் சிவகங்கை எம்.பி.யாகவும் இருந்த ப.சிதம்பரம், சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்ன கார் என்றால் என்ன? நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசியைத் தாண்டக் கூடாது.

அவ்வளவுதான், கம்பெனிகள் ரம்பத்தைக் கையில் எடுத்தன. 2008-ல் டாடா, இண்டிகோவின் வாலை நறுக்கி இண்டிகோ சி.எஸ். என்று கொண்டுவந்தது. நாலு மீட்டருக்குள் வந்த முதல் செடான் அதுதான். அதே வருடம் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். வரிச் சலுகை கிடைக்கவில்லை. 2012-ல் வந்த இரண்டாவது டிசையரை 3,995-க்கு வெட்டினார்கள். டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பின்னாலிருந்து பார்த்தால் டிக்கி நீளாத ஹேட்ச்பேக் காரில் பெட்டியை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. எங்கள் பட்டறைப் பையன்கள் அதற்கு வைத்த பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் விற்றுத் தள்ளியது. 2013-ல் அமேஸ், 2014-ல் எக்ஸென்ட், ஸெஸ்ட் என்று எல்லோரும் வரிசையில் வந்தார்கள். போகப் போக வெட்டு தெரியாமல் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைய டிசையரும் அமேஸும் பார்வைக்கு முழுக் கார்கள்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு வரை சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதம், நடுத்தர காருக்கு 45. இப்போது 18-ம் 40-ம். இரண்டுக்குமே குறைந்ததாகத்தான் விளம்பரம் செய்தார்கள், உண்மையும்கூட. ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 16-லிருந்து 22 புள்ளிகளாகக் கூடிவிட்டதை யாரும் சொல்லவில்லை. விர்ட்டஸின் சின்ன எஞ்சின் ஒரு லிட்டர்தான், டிசையரைவிடச் சின்னது. நீளம் தாண்டியதால் 40 சதவீதம் கட்டுகிறது. ரோட்டுக்கும் வசதிக்கும் சம்பந்தமில்லாத ஒரு கோடு இருபது வருடமாக நம் ஊர்க் காரின் உடம்பைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: புது டிசையருக்கு ஆகும் பணத்தில் ஆறேழு வருடம் ஓடிய நடுத்தர செடான் கிடைக்கிறது. ஏன் அதை வாங்கக் கூடாது?
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: வாங்கலாம். உங்களுக்கு இரண்டு விஷயம் இருந்தால்: நம்பிக்கையான மெக்கானிக், கையில் ஒதுக்கி வைத்த ஒரு லட்சம் ரூபாய். ஆறேழு வருடக் காரில் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ்கள், கிளட்ச் என்று எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துக்கொண்டு வரும் வயது அது. விலை பாதியாகக் குறைந்திருக்கும். உதிரி பாகத்தின் விலை குறையாது. பன்னிரண்டு லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட், அது ஐந்து லட்சத்துக்குக் கைமாறினாலும் அதே விலைதான்.

காலையில் போங்கள், வண்டி குளிர்ந்திருக்கும்போது. பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டித் தயார் செய்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மீட்டரில் 40,000 காட்டுகிறது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, டிரைவர் சீட்டின் வலது ஓரம் பிய்ந்திருக்கிறது என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் சொல்வார்கள்; உரிமையாளரைக் கூடவே கூட்டிப் போனால் சுலபம். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள். அங்கே துருவோ, சேற்றுக் கறையோ, புது பெயின்ட்டோ இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி அல்லது பின்னால் அடி வாங்கிய வண்டி. சென்னைப் பதிவு எண் கார்களில் இதை இரண்டு முறை பாருங்கள்.

ஆர்சியில் கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. "50 சதவீதம் போனஸ் இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, நிறுத்தப்பட்ட மாடல்கள். மாருதி சியாஸ் 2025-ல் நின்றுவிட்டது. அதற்குப் பயப்பட வேண்டாம், அதே எஞ்சின் அந்தக் கம்பெனியின் மற்ற வண்டிகளில் ஓடுகிறது. இந்தியாவை விட்டே போன கம்பெனிகளின் கார் என்றால், கண்ணாடி, விளக்கு, பாடி பாகங்கள் ஈரோட்டில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: வால்பாறையில் எஸ்டேட் வேலை. வாரம் ஒரு முறை பொள்ளாச்சிக்கு இறங்கி ஏற வேண்டும். மனைவியும் ஓட்டுவதால் ஆட்டோமேட்டிக் வேண்டும். பெரியதா, சின்னதா?
— வாசகர், வால்பாறை

பதில்: நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கும் ரோட்டில் சின்னதுதான். டிசையர் திரும்ப 4.8 மீட்டர் ஆரம் போதும், சிட்டிக்கு 5.3. மேலே இருந்து பஸ் வளைந்து வரும்போது இந்த அரை மீட்டரின் அருமை தெரியும்.

ஆட்டோமேட்டிக்கில் இரண்டு வகை. டிசையரில் இருப்பது ஏ.எம்.டி. சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஏற்றத்தில் வளைவுக்கு நடுவே கியர் மாற்ற யோசித்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. அமேஸில் இருப்பது சி.வி.டி., படிப்படியாகக் கியர் மாறாமல் பெல்ட்டில் ஓடுவது, இழுப்பில் வெட்டு தெரியாது. புதிதாக ஓட்டுபவருக்கு அதுதான் இதம். விலை கூடுதல். எதை வாங்கினாலும் இறங்கும்போது டி-யிலேயே போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் கீழ் நிலைக்கு மாற்றுங்கள். ஆழியாறு வருவதற்குள் பிரேக் வாசனை அடித்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: டீசல் செடான் எது நல்லது?
— வாசகர், திருப்பூர்

பதில்: இந்த இரண்டு வகையிலும் புதிதாக எதுவும் இல்லை. டிசையர் டீசல் 2020-ல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது போனது. சிட்டி, வெர்னா டீசல்கள் 2023-ல். ஓட்டம் அதிகம் என்றால் சி.என்.ஜி. பாருங்கள், ஆனால் அது சின்ன செடான்களில்தான் உண்டு, சிலிண்டர் டிக்கியைப் பிடித்துக்கொள்ளும். டிகோரில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னதாக டிக்கித் தரைக்குக் கீழே பதித்திருப்பதால் பெட்டி வைக்க இடம் மிஞ்சுகிறது.

கேள்வி: டிசையரின் உச்ச மாடலா, வெர்னாவின் அடி மாடலா? இரண்டுக்கும் ஒன்றரை லட்சம்தான் வித்தியாசம். டிசையரில் சன்ரூஃப்கூட வருகிறது. மகளுக்கு அது வேண்டுமாம்.
— அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ஒன்றரை லட்சம் என்பது ஷோரூம் விலை. முதல் பதிலில் சொன்ன 13, 18 சதவீத வரியைப் போட்டுப் பாருங்கள், இரண்டேகால் லட்சத்தைத் தொடும்.

நான் பார்க்கும் முறை இது. பின்னால் பொருத்திக்கொள்ள முடிந்தவை எவை, முடியாதவை எவை? மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், அலாய் வீல் எல்லாம் சிவகாசியிலேயே மாட்டிக்கொள்ளலாம். எஞ்சினையும் முழங்கால் இடத்தையும் டிக்கியையும் யாராலும் கூட்ட முடியாது. ஆறு ஏர்பேக் இரண்டிலும் அடி மாடலிலிருந்தே இருக்கிறது, ஆகவே அதற்காக மேல் மாடலுக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் காலண்டர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் என்றால் வெர்னா அடி மாடல். ஊருக்குள்ளேதான் என்றால் டிசையர், அதிலும் உச்சம் வேண்டாம், அதற்கு ஒரு படி கீழே.

மகளிடம் சன்ரூஃப் பற்றி நான் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். சிவகாசி வெயிலுக்கு அதை எத்தனை நாள் திறப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் மூலைகளில் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கும். வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் பூவும் சருகும் போய் அடைத்துக்கொண்டு, ஐப்பசி மழையில் தண்ணீர் கூரைத் துணி வழியாக உள்ளே சொட்டும். புரட்டாசி சர்வீஸின்போதே அந்தக் குழாய்களை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள்.